சாம்பார் வாளிக்கு ஒரு மாலை

நடுவர் ஐயா அவர்களுக்கும், மேடையில் இருக்கும் இரண்டு அணியினருக்கும், வெளியே பனி கொட்டினாலும் பட்டுப்புடவைதான் கட்டுவோம் என்று வந்திருக்கும் அயோவாத் தமிழ்க் குடும்பங்களுக்கும் பொங்கல் வணக்கம். நடுவர் இப்போதே மணியில் கை வைத்துவிட்டார். வணக்கம் இத்தோடு போதும்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். சின்னக் கல்லூரிக் கூடைப்பந்தில் பெரிதும் பாராட்ட வேண்டியது புள்ளி போடுபவரையா, புள்ளி தவிர மற்ற எல்லா வேலையும் பார்ப்பவரையா? நான் இரண்டாவது கட்சி. ஏன் இந்தக் கட்சி என்றால், சங்கச் செயலாளர் போன் செய்து, "அண்ணே, அந்த அணியில் ஓர் ஆள் குறைகிறது" என்றார். கொள்கையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. எந்த அணிக்கு முதல் பந்தி என்று மட்டும் கேட்டேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி அழகாகப் பேசினார். 2012 நவம்பர் 20. இங்கே டெ மொயினிலிருந்து கிழக்கே ஐ-80 சாலையில் ஒரு மணி நேரம் போனால் கிரின்னல் கல்லூரி. அங்கே ஜாக் டெய்லர் என்ற பையன் ஒரே ஆட்டத்தில் 138 புள்ளி போட்டார். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். கிரின்னல் 179, எதிரணி 104. "இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று தம்பி கேட்டபோது நீங்கள் தட்டிய தட்டில் என் குறிப்புத் தாள் பறந்துவிட்டது.

எல்லாம் சரி. ஆனால் தம்பி முக்கால்வாசிக் கதையைத்தான் சொன்னார். மீதியை நான் சொல்கிறேன்.

டெய்லர் ஆடியது 36 நிமிடம். எறிந்தது 108 முறை. வகுத்துப் பாருங்கள், 20 விநாடிக்கு ஒரு தடவை! நம் வீட்டில் 20 விநாடியில் டிவி ரிமோட்கூடக் கைக்கு வராது. 108-ல் விழுந்தது 52, விழாதது 56. விழாத பந்துக்குப் பின்னால் பாய்ந்து, முட்டி, மோதிப் பிடித்து, தான் எறியாமல் மறுபடியும் அவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் யார்? தம்பி ஒரு பெயராவது சொன்னாரா? சரி, டெய்லர் தன் கூட்டாளிகளுக்குக் கொடுத்த அசிஸ்ட், அதாவது கூட்டாளி கூடை போடும்படி பந்தைக் கொடுத்தது, எத்தனை? பூஜ்யம். தப்பு சொல்லவில்லை, அன்றைய திட்டமே அதுதான். நான் கேட்பதெல்லாம், 138 புள்ளியும் எறிந்தவருக்கு என்றால் பொறுக்கிக் கொடுத்தவர்களுக்கு என்ன என்பதுதான்.

இன்னும் இருக்கிறது. அதே ஆட்டத்தில், அதே தரையில், எதிரணியில் இன்னொருவர் 70 புள்ளி போட்டார். நம் ஆட்கள் நிறையப் பேர் வீடு வாங்கியிருக்கும் ஆங்கெனியிலிருந்து போன ஃபெய்த் பாப்டிஸ்ட் பைபிள் கல்லூரிப் பையன், டேவிட் லார்சன். 44 முறை எறிந்து 34 கூடை போட்டார். குறி என்று பார்த்தால் டெய்லரைவிடத் துல்லியம். எழுபது புள்ளி! அணி எத்தனை வித்தியாசத்தில் தோற்றது? எழுபத்தைந்து. எழுபது போட்டு எழுபத்தைந்தில் தோற்றவர், நடுவர் ஐயா! புள்ளிதான் பெருமை என்றால், மறுநாள் அவரை ஊரே தோளில் தூக்கியிருக்க வேண்டாமா?

விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்: கிரின்னல் ஆடுவது தனி ஆட்டம். எதிரிக்கு எளிதான கூடையை விட்டுக்கொடுத்தாவது பந்தைச் சட்டென்று திரும்ப வாங்குவார்கள், ஒரு நிமிடம்கூட ஆகாமல் ஐந்து பேரையும் மொத்தமாக மாற்றுவார்கள். அந்த 70-ல் நிறைய, வா என்று கதவைத் திறந்துவைத்த கூடைகள். அதைத்தான் நானும் சொல்கிறேன். புள்ளி எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால், தோற்றவரையும் ஜெயித்தவரையும் நமக்கு அடையாளமே தெரியாது.

அதே கிரின்னலில் 2007-ல், கோச்சின் மகன் டேவிட் ஆர்செனோ ஜூனியர் ஒரே ஆட்டத்தில் 34 அசிஸ்ட் கொடுத்தார். அதுவும் சாதனைதான். 34 தடவை இன்னொருவர் கையில் பந்தைக் கொடுத்து, போடு என்று சொல்லியிருக்கிறார். தம்பிக்கு 138 மனப்பாடம். 34 தெரியுமா? தலையாட்டாதீர்கள் தம்பி, இல்லை என்று வாயால் சொல்லுங்கள், ஒலிவாங்கியில் பதிவாகட்டும்.

அப்புறம் தம்பி ஒரு வசனம் விட்டார். "கூடை போடாதவனுக்கும் கோப்பை கொடுத்தால், கல்யாணத்தில் சாம்பார் வாளி தூக்கியவனுக்கும் மாலை போட வேண்டியதுதான்." நல்ல வசனம். நானும் கைதட்டினேன். ஆனால் தட்டும்போதே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்தத் தம்பி கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறாரா, இல்லை மொய் வைத்துவிட்டு நேரே பார்க்கிங்குக்கு வந்துவிடுகிறவரா?

மாப்பிள்ளை மேடையில் என்ன செய்கிறார்? உட்கார்ந்திருக்கிறார். ஐயர் சொல்வதைத் திருப்பிச் சொல்கிறார், அதுவும் தப்பாக. போட்டோக்காரர் இந்தப் பக்கம் என்றால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்றால் அந்தப் பக்கம். இப்போது பந்திக்கு வாருங்கள். வாளி கொதிக்கிறது. தரையில் யாரோ ரசத்தைக் கொட்டி வைத்திருக்கிறார். குறுக்கே ஒரு குழந்தை ஓடுகிறது. ஒரு பெரியவர், "குழம்பு வேண்டாம், முருங்கைக்காய் மட்டும்" என்கிறார். பக்கத்தில் இருப்பவர் போதும் என்று கையை நீட்டுகிறார், ஆனால் அவர் கண் வேண்டும் என்கிறது! இத்தனைக்கும் நடுவில், நாலாவது இலையில் ஒரு அம்மா வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு, கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பது அந்த மனிதர் கண்ணில் படுகிறது. அது அவருடைய வரிசை இல்லை. அந்த வரிசைக்காரர் அப்பளம் எடுக்கப் போய்விட்டார். இவர் ஓடுகிறார். ஊற்றுகிறார். தன் வரிசைக்குத் திரும்பி வந்துவிடுகிறார்.

ஐயா, கூடைப்பந்தில் இதற்குப் பெயர் ஹெல்ப் டிஃபென்ஸ். கூட்டாளியிடமிருந்து தப்பிக் கூடைக்கு ஓடி வருகிறவனை, அவன் உன் ஆளே இல்லை என்றாலும், நீ பாய்ந்து மறித்துவிட்டு உன் ஆளிடம் திரும்புவது. வரிக்கு வரி அதே வேலை. தாலி கட்டும்போது மாப்பிள்ளை கை நடுங்கினால் எல்லோரும் சிரித்துவிட்டு மறந்துவிடுவோம். சாம்பார் தீர்ந்த கல்யாணத்தை? இருபது வருடம் கழித்தும், "அந்த வீட்டில் ரெண்டாம் பந்திக்குச் சாம்பாரே இல்லையே" என்று சொல்வோம். மாப்பிள்ளை பேர் என்ன என்று கேட்டால் தெரியாது. தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேள்விப்பட்டேன். அவர் கல்யாணத்துக்கு நான் வருகிறேன். மாலையைத் தம்பி வைத்துக்கொள்ளட்டும், வாளியை என்னிடம் கொடுக்கட்டும். முதல் பந்தி முடிந்ததும் கூட்டம் யாரைத் தேடுகிறது என்று பார்த்துவிடலாம்!

(நடுவர் சிரிக்கிறார். சிரித்தால் பாதி ஜெயித்த மாதிரி.)

சரி, வாதத்துக்கு வருகிறேன், இல்லாவிட்டால் தீர்ப்பில் கழித்துவிடுவார். சார்ஜ் வாங்குவது என்று ஒன்று உண்டு. எதிரணிக்காரன் முழு வேகத்தில் கூடைக்கு ஓடி வருகிறான். நீ குறுக்கே போய் இரண்டு காலையும் ஊன்றி அசையாமல் நிற்க வேண்டும். அவன் வந்து நெஞ்சில் மோதுவான், நீ மல்லாந்து விழுவாய். ஆட்டத்தின் நடுவர் விசில் அடித்து அவன் மேல் ஃபவுல் சொல்வார். அவனுக்குக் கூடை இல்லை, கணக்கில் ஒரு ஃபவுல் ஏறியது, பந்து உன் அணிக்கு. இத்தனையும் ஒரு விழுதலில். ஆட்டம் முடிந்து கல்லூரி வெளியிடும் ஸ்கோர் தாளில் இதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா? கிடையாது. எதிரியின் குறுக்கே நின்று ஸ்கிரீன் போட்டு, கூட்டாளிக்கு வழி திறந்துவிட்டவனுக்கு? கிடையாது. தரையில் உருளும் பந்து மேல் விழுந்து புரண்டவனுக்கு? அதுவும் கிடையாது.

தாளில் இல்லாதது நடக்கவே இல்லை என்று நினைக்கக் கூடாது. அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீகான என்.பி.ஏ.வே, எதிரியிடமிருந்து பந்தைப் பறிக்கும் ஸ்டீலையும் எறிந்த பந்தைத் தட்டிவிடும் பிளாக்கையும் எண்ணத் தொடங்கியது 1973-74 பருவத்தில்தான். பதினொரு பட்டம் வென்ற பில் ரஸ்ஸல் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். அவர் தட்டிவிட்ட பந்துகளுக்கு இன்றைக்கும் அதிகாரபூர்வக் கணக்கு இல்லை. அந்த என்.பி.ஏ.வில் 2016-லிருந்து சார்ஜையும் ஸ்கிரீனையும்கூட எண்ணிப் போடுகிறார்கள். சின்னக் கல்லூரியில் அதை உட்கார்ந்து எண்ண யார் இருக்கிறார்கள்?

இப்போது ஒரு கதை. இதற்காகத்தான் இவ்வளவு நேரம் தம் பிடித்து வைத்திருந்தேன்.

அலபாமாவில் ஒயிட் ஹால் என்று ஒரு சின்ன ஊர். பதினொரு பிள்ளைகள் பிறந்த வீட்டில் ஒரு பையன். பக்கத்தில் ஒரு கூடைப்பந்துப் பயிற்சி முகாம் வருகிறது. நடத்துபவர் என்.பி.ஏ.வின் முரட்டு ஆள், சார்லஸ் ஓக்லி. கட்டணம் 50 டாலர். வீட்டில் ஏது? பையன் என்ன செய்தான் தெரியுமா? ஊர்க்காரர்களுக்கு முடி வெட்டினான். தலைக்கு 3 டாலர். கணக்குப் போடுங்கள், பதினேழு தலை! முதல் தலை யாருடையதோ, அந்தப் புண்ணியவான் என்ன கோலத்தில் வீட்டுக்குப் போனாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். பதினேழாவது தலை நிச்சயம் நன்றாக இருந்திருக்கும்.

காசைக் கட்டி முகாமுக்குப் போனான். அங்கே ஓக்லியோடு நேருக்கு நேர் ஆடும்படி ஆனது. ஓக்லி யார் என்று உங்களுக்குத் தெரியாது, நியூயார்க்கில் ஆடியபோது பெரிய பெரிய ஆட்களே ஒதுங்கிப் போவார்கள். ஒரு மோதலில் பையனுக்கு உதடு கிழிந்து ரத்தம். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? 50 டாலரைத் திருப்பிக் கேட்போம். பையன் ரத்தத்தோடு நின்று ஆடினான். ஓக்லி அதை மறக்கவில்லை. பின்னால் தான் படித்த சின்னக் கல்லூரிக்கே, வர்ஜீனியா யூனியனுக்கு, அவனைச் சிபாரிசு செய்தார். கவனியுங்கள், சிபாரிசு வாங்கித் தந்தது அவன் போட்ட புள்ளி இல்லை. கிழிந்த உதடு!

1996-ல் என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தன. 58 பேரை எடுத்தார்கள். இவனை எடுக்கவில்லை. பிறகு எப்படியோ உள்ளே நுழைந்து, அந்த லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை நான்கு முறை வாங்கினான். 2004-ல் இவன் ஆடிய டெட்ராய்ட் அணி பட்டம் வென்றது, ஷாக்கில் ஓ'நீல், கோபி பிரையன்ட் என்ற இரண்டு பெரிய நட்சத்திரங்கள் இருந்த லேக்கர்ஸ் அணியை வீழ்த்தி. 2021-ல் கூடைப்பந்து மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம். பென் வாலஸ். அவர் வாழ்நாள் சராசரி ஆட்டத்துக்கு 5.7 புள்ளி. யாரும் மறிக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோவில்கூட 100-க்கு 41தான் விழும்! தம்பியின் தராசில் வைத்தால் இந்த மனிதர் தட்டில் ஏறவே மாட்டார். ஹால் ஆஃப் ஃபேமில் ஏறிவிட்டார்.

வாலஸுக்காவது கடைசியில் மேடை கிடைத்தது. என்.சி.ஏ.ஏ. மூன்றாம் பிரிவில், அதாவது கிரின்னல் மாதிரிக் கல்லூரிகளில், ஆடும் பிள்ளைகளைப் பாருங்கள். விளையாட்டுக்கு உதவித்தொகை அங்கே கிடையாது. நாளைக்கு இவர்களில் பெரும்பாலானவர்கள் கணக்கராக, ஆசிரியராகப் போவார்கள். அதிகாலைப் பயிற்சி, ராத்திரி பஸ், பஸ்ஸிலேயே வீட்டுப்பாடம். கூலி என்று உண்டென்றால் அது நாலு பேர் பாராட்டும் வார்த்தை மட்டும்தான். 1998-லிருந்து அந்தப் பிரிவில் ஜாஸ்டன்ஸ் கோப்பை என்று ஒன்று கொடுக்கிறார்கள். ஆட்டம், படிப்பு, ஊருக்குச் செய்த சேவை, மூன்றையும் பார்த்துத்தான். அப்படி ஒரு நினைப்பு அவர்களுக்கே வந்திருக்கிறது, நமக்கு வரக் கூடாதா?

நம் சங்கத்தில் ஓர் அம்மா இருக்கிறார். பெயர் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் இதைச் சொல்ல விட்டார். மகன் அப்படி ஒரு சின்னக் கல்லூரியில் ஆடுகிறான். ஆடுகிறான் என்றால், மூன்று நிமிடம், நான்கு நிமிடம். வேலை முடிந்து பனியில் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்ப் பார்க்கிறார் இவர். ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் திருநெல்வேலியிலிருந்து போன் வரும், அங்கே காலை. பையனின் ஆச்சி. ஒரே கேள்வி. "ஏளா, பேரன் எத்தனை கோல் போட்டான்?"

அன்றைக்கு அவன் ஒரு சார்ஜ் வாங்கியிருந்தான். கடைசி நிமிடங்களில், தன்னைவிட ஒரு மடங்கு பெரிய ஆளை நெஞ்சில் வாங்கி விழுந்தான். கூட ஆடிய நாலு பேரும் ஓடி வந்து கையைப் பிடித்துத் தூக்கினார்கள். பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்று கத்தியது. ஆட்டம் அங்கேதான் திரும்பியது. தாளில் அவன் பெயருக்கு நேரே எல்லாம் பூஜ்யம்.

இதை ஆச்சிக்கு எப்படிச் சொல்வது? "அம்மா, அவன் நல்லா விழுந்தான்" என்று சொல்ல முடியுமா? ஆச்சி பதறிவிடமாட்டாரா? அதனால் அந்த அம்மா சொன்னார்: "ரெண்டு போட்டான்மா." ஆச்சி அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த அம்மா பொய் சொல்லிப் பழகியவர் இல்லை. என்னிடம் இதைச் சொல்லும்போதே அழுதுவிட்டார். தன் பிள்ளை செய்ததிலேயே பெரிய காரியத்தைச் சொல்ல ஒரு கட்டம் இல்லாமல், செய்யாத இரண்டு கூடையைச் சொல்ல வேண்டியிருந்ததே என்றார். என்னிடம் பதில் இல்லை. தம்பி, உங்களிடம் இருந்தால் போய் அவரிடமே சொல்லுங்கள். மூன்றாவது வரிசையில்தான்... வேண்டாம், நிபந்தனை இருக்கிறது.

மணி அடித்துவிட்டது, தெரிகிறது ஐயா, அரை நிமிடம். கோடைப் பிக்னிக்கில் நம் சங்கம் நடத்தும் போட்டியில் ஒரே ஒரு கோப்பைதான் கொடுக்கிறோம், அதிகப் புள்ளிக்கு. இந்த வருடம் இரண்டாவது கோப்பை ஒன்று வேண்டும், அதிக சார்ஜ் வாங்கியவருக்கு. யார் எண்ணுவது என்று கேட்காதீர்கள், அந்த அம்மா நோட்டும் பேனாவுமாக வந்து உட்காருவதாகச் சொல்லிவிட்டார். பணத்துக்காகப் பொருளாளர் தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம். எதிரணித் தம்பி தருவார். இப்போது அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். நன்றி, வணக்கம்.