முன்பாரம்: ராக் கிராலரில் பேட்டரியை இடம் மாற்றுவது எப்படி

[காட்சி: காங்கயம் பக்கம் ஒரு தோட்டம். கிணறு வெட்டியபோது வேட்டு வைத்து உடைத்த கல் மேடாகக் குவிந்து கிடக்கிறது. சின்ன வண்டி ஒன்று மெதுவாக ஏறுகிறது. பாதியில் முன் சக்கரங்கள் தூக்க, மல்லாக்க விழுகிறது.]

வணக்கமுங்க. ராக் கிராலர் என்றால் ரிமோட்டில் ஓட்டிப் பாறை ஏற்றும் சின்ன வண்டி. என்னுடைய இந்த வண்டி ஒரு வாரமாக இதே கல்லில், இதே இடத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. மோட்டாருக்குச் சக்தி போதவில்லை என்று நினைத்தேன். டயரில் பிடி இல்லையோ என்று பார்த்தேன். முன் ஆக்சிலில் மாட்டப் பித்தளை எடை வாங்கலாம் என்று விலைகூட விசாரித்துவிட்டேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எங்கள் அப்பாரு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏன் கண்ணு, பின்பாரம் ஏத்திட்டு மேடு ஏறச் சொன்னா வண்டி எப்படி ஏறும்?"

அவர் வாழ்நாள் முழுக்க மாட்டு வண்டி ஓட்டியவர். வண்டியில் மூட்டை அடுக்கும்போது அச்சுக்கு முன்னால் பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்னால் கூடினால் நுகம் மேலே தூக்கும், மாட்டுக்குக் கழுத்துக் கயிறு இறுகும். மேட்டில் ஏறும்போது பாரம் தானாகவே பின்னால் சாயும் என்பதால், வண்டிக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார். டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கும் இது தெரியும். மூக்குக்கு முன்னால் இரும்பு வெயிட்டுகளை மாட்டுவது முன்பக்கம் தூக்காமல் இருக்கத்தான்.

[காட்சி: பாடியைக் கழற்றிய வண்டி. பேட்டரியைக் கேமரா நெருங்கிக் காட்டுகிறது.]

பாடியைக் கழற்றிப் பார்த்தேன். பேட்டரி பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால், சேஸிஸ் சட்டத்துக்கும் மேலே, ஒரு பிளாஸ்டிக் தட்டில் உயரமாக உட்கார்ந்திருந்தது. அங்கே இருந்தால் மாட்டிக் கழற்றச் சுலபம். ஆனால் மேடு ஏறும் வண்டிக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது.

ஏன் என்று கொஞ்சம் விவரமாகப் பார்த்துவிடுவோம். கொத்தனார் சுவரில் தொங்கவிடும் தூக்குக்குண்டை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொண்டு, அந்தப் புள்ளியிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். அந்தப் புள்ளிதான் ஈர்ப்பு மையம். தரை சமமாக இருந்தால் நூல் நான்கு சக்கரங்களுக்கும் நடுவே விழும். வண்டி செங்குத்தாக ஏற ஏற, நூல் பின் சக்கரத்தை நோக்கி நகரும். பின் டயர் கல்லைத் தொடும் இடத்தைத் தாண்டி எப்போது போகிறதோ, அப்போது வண்டி மல்லாக்க விழும். மோட்டார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இதை மாற்ற முடியாது.

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு. ஈர்ப்பு மையத்தை முன்னால் தள்ள வேண்டும், கீழே இறக்கவும் வேண்டும். எளிதாகக் கழற்றி இடம் மாற்றக்கூடிய பொருட்களில் கனமானது பேட்டரிதான். என் வண்டி பேட்டரியோடு சேர்த்து 2,520 கிராம். பேட்டரி மட்டும் 252 கிராம், சரியாகப் பத்தில் ஒரு பங்கு. கணக்கும் இதனால் சுலபமாகிவிடுகிறது. பேட்டரியை 190 மி.மீ. முன்னால் நகர்த்தினால் முழு வண்டியின் ஈர்ப்பு மையமும் 19 மி.மீ. முன்னால் வரும். 35 மி.மீ. கீழே இறக்கினால் மூன்றரை மி.மீ. கீழே வரும். கேட்க அற்பமாகத் தெரியும். பலகையில் வைத்துப் பார்க்கும்போது அது எவ்வளவு என்று புரியும்.

[காட்சி: சமையலறைத் தராசின் மேல் முன் சக்கரங்கள். பின் சக்கரங்களுக்கு அடியில் தராசின் உயரத்துக்கு அடுக்கிய நோட்டுப் புத்தகங்கள்.]

எதையும் கழற்றுவதற்கு முன்னால் எடை போடுங்கள். வீட்டில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசு போதும். முன் இரண்டு சக்கரங்களும் தராசில், பின் இரண்டும் அதே உயரத்தில் புத்தகத்தின் மேல். உயரம் சமமாக இல்லாவிட்டால் அளவு தப்பாகிவிடும். என் வண்டியில் முன்னால் 1,230 கிராம், பின்னால் 1,290. எடுத்தவுடனேயே பின்பாரம். கிராலர் ஓட்டுபவர்கள் பொதுவாக மொத்த எடையில் 55 முதல் 60 சதவீதம் முன்னால் இருக்க விரும்புவார்கள். என்னுடையதில் 49 சதவீதம்கூட இல்லை.

அடுத்தது பலகைச் சோதனை. ஒரு பலகையில் சாக்குத் துணியை இழுத்து ஆணி அடித்துக்கொள்ளுங்கள், டயர் வழுக்காது. வண்டியை அதில் மேல் நோக்கி நிறுத்தி, பலகையை மெதுவாகத் தூக்குங்கள். ஆக்சிலரேட்டரை விட்டதும் சக்கரம் உருளாமல் பிடித்துக்கொள்ளும் டிராக் பிரேக் வேலை செய்ய வேண்டும் என்பதால் வண்டி ஆனில் இருக்கட்டும். பின்னால் ஒரு கை தாங்கத் தயாராக இருக்கட்டும். முன் சக்கரம் பலகையை விட்டு எழும்பும்போது போனில் சாய்வு பார்க்கும் செயலியைப் பலகையோடு ஒட்டி வைத்துக் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்தது 52 டிகிரி.

சரி, எங்கே வைப்பது? மூன்று இடம் உண்டு. முன் ஆக்சிலுக்கு நேர் மேலே வைக்கலாம். முன்பாரம் நன்றாகக் கூடும், ஆனால் பெரும்பாலும் உயரம் கூடிவிடும். சேஸிஸ் சட்டத்துக்கு வெளியே பக்கவாட்டில் தொங்கவிடலாம். நன்றாகத் தாழும், ஆனால் பாறை முதலில் இடிப்பது அங்கேதான். எனக்கு அது பிடிக்கவில்லை. இதில் உள்ள லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். அதைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பதில் நியாயம் இல்லை. நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது இடம்: முன் ஷாக்குகளுக்குப் பின்னால், கியர்பாக்ஸுக்கு முன்னால், இரண்டு சட்டங்களுக்கும் நடுவே. அங்கே இருந்த, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர் பெட்டியைக் கழற்றிப் பின்னால், பேட்டரி இருந்த இடத்துக்கு அனுப்பிவிட்டேன். அது 25 கிராம்தான்.

[காட்சி: அட்டையில் வெட்டிய மாதிரி. பக்கத்தில் அலுமினியத் தகடு, அரம், துளையிடும் கருவி.]

தட்டுக்கு முதலில் அட்டையில் மாதிரி வெட்டுங்கள். நோட்டு அட்டை போதும். அது நான்கு பக்கமும் இடிக்காமல் உட்கார்ந்த பிறகுதான் தகட்டில் கை வைக்க வேண்டும். நம் பக்கம் தகட்டுக்குப் பஞ்சம் இல்லை. கோயம்புத்தூரில் எந்தப் பட்டறையில் கேட்டாலும் ஒன்றரை மி.மீ. அலுமினியத் துண்டு கிடைக்கும். ஓரங்களை அரத்தால் நன்றாக மழுக்குங்கள். விரலை ஓட்டிப் பார்த்துக் கீறாமல் இருந்தால்தான் பேட்டரி அதில் உட்காரலாம். மேலே ஒரு அடுக்கு ஃபோம் ஒட்டி, பேட்டரியைப் படுக்க வைத்து, வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். நிறுத்தி வைப்பதைவிடப் படுக்க வைத்தால் எடை தாழும். பக்கச் சரிவில் போகும்போது அந்தத் தாழ்வுதான் வண்டியைப் புரளாமல் காக்கும்.

இப்போது ஒயர். இங்கே கொஞ்சம் நின்று கேளுங்கள்.

[காட்சி: சிவப்பு ஒயர் ஒன்று மிக நெருக்கமாக. மேல் தோல் தேய்ந்து, உள்ளே செம்புக் கம்பி பளபளக்கிறது.]

முதல் தடவை மாட்டியபோது ஒயரைத் தொங்கவிட்டுவிட்டேன். கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன், எதிலும் இடிக்கவில்லை. ஆனால் பாறையில் சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கியபோது முன் டிரைவ் ஷாஃப்ட் மேலே வந்து, சுற்றிக்கொண்டே ஒயரை உரசியிருக்கிறது. பத்து நிமிட ஓட்டத்தில் சிலிக்கான் தோல் போய்க் கம்பி தெரிந்தது. கறுப்பு ஒயரும் தேய்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்து ஷார்ட் ஆகியிருக்கும். அன்றைக்கு வண்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தது நல்லதாகப் போயிற்று.

அதனால் ஓட்டும் முன் இதைச் செய்யுங்கள். இடது முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு செங்கல்லும், வலது பின் சக்கரத்துக்கு அடியில் இன்னொன்றும் வையுங்கள். வண்டியைக் கையால் அமுக்குங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். ஒயர், தட்டு, லிங்க், ஷாஃப்ட், டயர் எதுவும் ஒன்றையொன்று தொடக் கூடாது. செங்கற்களைப் பக்கம் மாற்றி மறுபடியும் பாருங்கள்.

ஒயரை நீட்ட வேண்டுமா என்று கேட்பீர்கள். என் வண்டியில் ஈ.எஸ்.சி.யை, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை, திருப்பி வைத்ததும் நீளம் போதுமாகிவிட்டது. உங்களுக்குப் போதவில்லை என்றால், பேட்டரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் நடுவே உள்ள ஒயரை எவ்வளவு குறைவாக நீட்ட முடியுமோ அவ்வளவோடு நிறுத்துங்கள். அது நீள நீள ஈ.எஸ்.சி.யில் உள்ள கெபாசிட்டர்களுக்குச் சிரமம் கூடும். முடிந்தால் ஈ.எஸ்.சி.யைப் பேட்டரியை ஒட்டி வைத்து, மோட்டார் ஒயரை நீட்டுங்கள். சால்டரிங் எல்லாம் ஈ.எஸ்.சி. பக்கம்தான். பேட்டரியின் சொந்த ஒயரில் வெட்டும் வேலை வேண்டாம். ரிசீவர் பின்னால் போனதால் முன் சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் சர்வோவுக்கு மட்டும் ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் தேவைப்பட்டது.

[காட்சி: மறுபடியும் தராசு, மறுபடியும் பலகை.]

இப்போது எடை பாருங்கள். முன்னால் 1,375, பின்னால் 1,155. மொத்தத்தில் கூடிய 10 கிராம் புதுத் தட்டு. முன்பாரம் 54 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இந்த வண்டியின் இரண்டு ஆக்சில்களுக்கும் நடுவே 313 மி.மீ. அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஈர்ப்பு மையம் 17 மி.மீ. முன்னால் வந்திருக்கிறது. 19 வராததற்குக் காரணம் பின்னால் போன ரிசீவர் பெட்டிதான். பலகையில் 56 டிகிரி வரை முன் சக்கரம் எழும்பவில்லை. நான்கு டிகிரி லாபம். பித்தளைக்கு ஒரு ரூபாய் செலவழிக்கவில்லை.

ஆனால் இறக்கத்தில் நிலைமை மாறும். முன்னால் தள்ளிய எடை, வண்டி மூக்கு கீழாக இறங்கும்போது குப்புறத் தள்ளப் பார்க்கும். பலகையில் வண்டியைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். முன்பு 53 டிகிரியில் பின் சக்கரம் எழும்பியது, இப்போது 51-லேயே எழும்புகிறது. ஏற்றத்தில் நான்கு கிடைத்து இறக்கத்தில் இரண்டு போனது. பேட்டரியை முன்னால் மட்டும் தள்ளியிருந்தால் இறக்கத்தில் இன்னும் அதிகம் இழந்திருப்பேன். தாழ்த்தியதால்தான் இழப்பு இரண்டோடு நின்றது. முன்னால் தள்ளுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், தாழ்த்துவதுதான் பெரிய வேலை என்பது என் எண்ணம்.

முன் ஸ்பிரிங் இப்போது கொஞ்சம் அதிகமாக அமுங்கும். ஷாக்கில் உள்ள காலரை முன்னால் இரண்டு சுற்று இறுக்கி, பின்னால் கொஞ்சம் தளர்த்தி, வண்டி சமமாக நிற்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். இன்னொன்று, ஆக்சிலரேட்டர் கொடுத்தவுடன் சேஸிஸ் ஒரு பக்கம் திருகிச் சாய்கிறதா என்று கவனியுங்கள். டிரைவ் ஷாஃப்ட்டின் முறுக்கு சேஸிஸைத் திருப்புவதால் வருவது அது. முன் டயர்களைச் சுவரில் முட்ட வைத்து லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால் எந்தப் பக்கம் எழும்புகிறது என்று தெரிந்துவிடும். பேட்டரியை அந்தப் பக்கம் ஐந்து மி.மீ. தள்ளிக் கட்டுங்கள். நான் தட்டில் துளைகளை வட்டமாகப் போடாமல் நீளமாக அறுத்தது இதற்காகத்தான்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு வார்த்தை. ஓட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றி நிழலில் ஆறவிடுங்கள். மூடிய காருக்குள் விட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள். கல்லில் அடிபட்ட நாளில் கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள். உப்பியோ நசுங்கியோ இருந்தால் அதை மறுபடி சார்ஜ் செய்யக் கூடாது. நல்ல பேட்டரியையும் நாள் கணக்கில் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் முழு சார்ஜில் வைக்காதீர்கள். ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள்.

[காட்சி: அதே கிணற்று மேடு, அதே கல். வண்டி மெதுவாக ஏறுகிறது. முன் டயர் ஒரு கணம் எழும்பி, மறுபடி கல்லைப் பிடிக்கிறது. உச்சியில் நிற்கிறது. கட்டிலில் இருந்து அப்பாருவின் குரல்: "இப்ப முன்பாரம் சரியா இருக்குது கண்ணு. எறக்கத்துல பாத்து உடு."]

இறக்கத்தில் நேராக விடவில்லை. வலப்பக்கம் சுற்றி, சரிவு குறைந்த வழியில் கொண்டுவந்தேன்.