வெளிநாட்டில் குடியேறும்போது பணமும் கார்டும்: முதல் ஒரு மாதத்தை எப்படிக் கடப்பது?

வணக்கம். வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாட்டில் போய்த் தங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, கையில் எவ்வளவு பணம் எடுத்துப் போவது என்பதைத்தான். நானும் அதைத்தான் எல்லாரிடமும் கேட்டேன். ஆளுக்கொரு தொகை சொன்னார்கள், நான் ஒரு கணக்குப் போட்டு எடுத்துப் போனேன், அது போதுமானதாகவே இருந்தது. என்னைத் தவிக்கவிட்டது வேறொன்று.

வெள்ளிக்கிழமை இரவு போய் இறங்கினேன். விமான நிலையத்திலேயே அந்த நாட்டு சிம் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு, பழைய சிம்மைக் கழற்றிப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துவிட்டேன். அறைச் சாவி வேண்டுமென்றால் முதல் மாத வாடகையை இணையத்தில் கட்டியாக வேண்டும், ரொக்கம் வாங்க மாட்டார்கள். கார்டு எண்ணைப் போட்டேன், பின்பக்கத்து மூன்று இலக்கங்களைப் போட்டேன், அடுத்த திரையில் 'உங்கள் கைப்பேசிக்கு அனுப்பிய ஆறு இலக்க எண்ணை உள்ளிடவும்' என்று வந்து நின்றது. அவசரமாகப் பழைய சிம்மை மாற்றிப் போட்டால் சிக்னலே இல்லை, ஏனென்றால் ரோமிங்கை நான் போட்டு வைக்கவில்லை. சரி, இப்போது போடலாம் என்று அந்தப் பழைய சிம் நிறுவனத்தின் செயலியைத் திறந்தால், உள்ளே நுழைய அதே எண்ணுக்கு இன்னொரு ஓடிபி! கணக்கில் பணம் இருக்கிறது, கார்டு கையில் இருக்கிறது, ஆனாலும் திங்கள்கிழமை வரை ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த மூன்று இரவும் ரொக்கம் கொடுத்து ஒரு விடுதியில் தங்கினேன்.

அதனால்தான் இந்த வீடியோவை சிம்மிலிருந்து தொடங்குகிறேன்.

[திரையில்: ஒரு கைப்பேசி, அதில் இரண்டு சிம்]

உங்கள் வங்கியில் பதிவான எண் எதுவோ, அது நீங்கள் போகும் நாட்டில் உயிரோடு இருக்க வேண்டும். கிளம்பும் முன்பே ரோமிங்கைப் போட்டுவிடுங்கள். டேட்டா வேண்டாம், குறுஞ்செய்தி வந்தால் போதும். இரண்டு சிம் போடும் கைப்பேசி என்றால் பழையதைக் கழற்றவே வேண்டாம், புதிய நாட்டு எண்ணை இசிம்மாக, அதாவது அட்டை இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே பதிவாகும் சிம்மாக, வாங்கிக்கொள்ளலாம். ப்ரீபெய்ட் எண் என்றால் ரீசார்ஜ் காலம் முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நீண்ட நாள் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் ரத்தாகி, கொஞ்ச நாள் கழித்து வேறொருவருக்குப் போய்விடும். உங்கள் வங்கி ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் கையில் விழுவதை நினைத்துப் பாருங்கள். குறுஞ்செய்திக்குப் பதிலாக வங்கியின் செயலியிலேயே ஒப்புதல் கொடுக்கும் வசதி இருந்தால், சொந்த நாட்டில் இருக்கும்போதே அதற்கு மாறிவிடுங்கள்.

அடுத்தது, எத்தனை நாளைக்கான ஏற்பாடு இது? அந்த நாட்டில் உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு திறந்து, அதன் கார்டு கைக்கு வரும் வரைக்கும். கேட்கச் சின்ன விஷயம், நடப்பில் இழுக்கும். வங்கி முகவரிச் சான்று கேட்கும், வீட்டுக்காரர் வாடகையைக் கட்ட உள்ளூர்க் கணக்கு இருக்கிறதா என்று கேட்பார், ஒன்று இல்லாமல் மற்றொன்று கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014-ல் வந்த ஒரு சட்டம் இதில் உதவுகிறது: அங்கே சட்டப்படி வசிக்கும் யாருக்கும் அடிப்படைக் கணக்கு பெற உரிமை உண்டு, முழு விண்ணப்பம் கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி கணக்கைத் திறக்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். அப்புறம் கார்டு தபாலில் வரும், அதன் ரகசிய எண்ணான 'பின் நம்பர்' தனியாக இன்னொரு தபாலில் வரலாம். ஆக ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாதத்தைத் தாங்கப்போவது உங்கள் பழைய கார்டுகள்தான், ரொக்கம் அதற்குத் துணை.

[திரையில்: இரண்டு கார்டு, இரண்டு பை]

ஒரே வங்கியின் இரண்டு கார்டு வேண்டாம். அந்த வங்கியின் சர்வர் படுத்தால் இரண்டும் சேர்ந்து படுத்துவிடும். இரண்டு வங்கி, முடிந்தால் ஒன்று விசா, ஒன்று மாஸ்டர்கார்டு. ஒன்று சட்டைப் பையில், ஒன்று வேறு பையில். ஒரே பர்ஸில் இரண்டையும் வைத்துப் பர்ஸைத் தொலைத்தால் இரண்டு கார்டு வாங்கியதன் பலனே இல்லை. உள்நாட்டில் மட்டும் செல்லும் கார்டுகளும் உண்டு, அட்டையில் சர்வதேச நிறுவனத்தின் சின்னம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். இன்னும் நாலைந்து மாதத்தில் முடியும் என்றால் இப்போதே புதியது கேளுங்கள், இல்லையென்றால் புதுக் கார்டு உங்கள் பழைய வீட்டு வாசலுக்குப் போய் நிற்கும்.

செயலியில் 'சர்வதேசப் பயன்பாடு' என்று ஒரு பொத்தான் இருக்கும், பல வங்கிகளில் அது முதலில் அணைத்தே இருக்கும். அதைப் போட்டுவிட்டு, வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் சின்னதாக ஏதாவது வாங்கிப் பாருங்கள், போனால் நிம்மதி. கூடவே தினசரி வரம்பையும் கூட்டி வையுங்கள், வீட்டு முன்பணம் ஒரே தவணையில் கேட்கப்படும். வங்கியின் உதவி எண்ணைத் தாளில் எழுதி வைக்கும்போது கட்டணமில்லா எண்ணை எழுதாதீர்கள், அது பெரும்பாலும் நாட்டுக்கு வெளியே அடிக்காது. நாட்டுக் குறியீட்டுடன் தொடங்கும் எண் ஒன்று இருக்கும், கார்டின் பின்பக்கமோ வங்கியின் தளத்திலோ தேடினால் கிடைக்கும்.

கிரெடிட் கார்டா டெபிட் கார்டா என்று கேட்டால், இரண்டும் வேண்டும், ஆனால் வேலை வேறு. விடுதியும் வாடகைக் காரும் ஒரு தொகையைப் பிணையாகப் பிடித்து வைக்கும். டெபிட்டைக் கொடுத்தால் உங்கள் சொந்தப் பணமே சில நாள் முடங்கும், அதனால் அங்கே கிரெடிட் கார்டு. ஏடிஎம்மில் எடுக்க டெபிட் கார்டு, ஏனென்றால் கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் பொதுவாக எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும், அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

இப்போது அந்த ஏடிஎம் முன்னால் கொஞ்சம் நிற்போம், பலர் பணத்தை விடும் இடம் இது.

[திரையில்: ஏடிஎம் திரை, இரண்டு பொத்தான்கள்]

பின் நம்பரைப் போட்டாயிற்று, தொகையைத் தட்டியாயிற்று. பணம் வருவதற்கு முன்னால் ஒரு திரை வரும். உங்கள் சொந்த நாட்டுப் பணத்தில் இவ்வளவு கழியும் என்று பழகிய எண்ணைக் காட்டி, 'ஏற்கிறேன்' என்று பச்சையில் ஒரு பொத்தான் இருக்கும். பக்கத்தில் 'மாற்றம் இல்லாமல் தொடர்க' என்று மங்கலாக இன்னொன்று. கை தானாகப் பச்சைக்குப் போகும், போகவிடாதீர்கள். பச்சையில் இருப்பது அந்த ஏடிஎம்காரர் வைத்த விகிதம், அதற்குள் அவருடைய லாபமும் இருக்கிறது. அவர் ஐந்து சதவீதம் வைத்திருந்தால் 1,000 எடுக்கும்போது 50 போய்விடும், ரசீதில் அது கட்டணம் என்ற பெயரில்கூட வராது. மங்கலான பொத்தானைத் தட்டினால் மாற்றும் வேலை விசா, மாஸ்டர்கார்டு விகிதத்தில் நடக்கும், உங்கள் வங்கி அதன் மேல் தன் கட்டணத்தைப் போட்டாலும் பெரும்பாலும் இதுதான் மலிவு. மறுத்தால் பணம் வராதோ என்று பயப்பட வேண்டாம், வரும். கடைகளில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், அங்கேயும் பதில் அந்த நாட்டுப் பணம்தான்.

சரி, ரொக்கத்துக்கு வருவோம். மூன்று நாள் தங்கவும் சாப்பிடவும் போக்குவரத்துக்கும் ஆகிற தொகை, அதற்கு மேல் ஒரு மடங்கு. என் கணக்கு இவ்வளவுதான், அதற்கு மேல் கட்டுக்கட்டாக எடுத்துப் போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், தொலைந்த நோட்டை எந்த வங்கியும் திருப்பித் தராது. சிறு நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். 500 யூரோ நோட்டு செல்லும்தான், ஆனால் 2019-க்குப் பிறகு அதை வெளியிடுவதே இல்லை, பல கடைகளில் அதைத் தொட யோசிப்பார்கள். உறவினர் ஒருவர் பத்திரமாக வைத்திருந்து தந்த பழைய நோட்டு என்றால் இன்னும் கவனம். பிரிட்டனில் காகித 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடைகளில் செல்லாது, பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் மாற்றத்தான் வேண்டும்.

பெரிய தொகை எடுத்துப் போகத்தான் வேண்டும் என்றால் சுங்கத்தில் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல் போனால் படிவம் கொடுக்க வேண்டும், குடும்பமாகப் போனால் எல்லார் கையில் இருப்பதையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும்போதும் வெளியேறும்போதும் 10,000 யூரோ, 2021 ஜூனிலிருந்து தங்கக் கட்டியும் தங்கக் காசும் அந்தக் கணக்கில் சேரும். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அவரவர் டாலரில் 10,000, சிங்கப்பூரில் 20,000. இது வரி இல்லை, கொண்டுபோகக் கூடாது என்ற தடையும் இல்லை. சொன்னால் பணம் உங்களோடு வரும், மறைத்தால் பறிமுதல் வரை போகலாம். கிளம்பும் நாட்டிலும் வெளியே கொண்டுபோக வரம்பு இருக்கலாம், அந்த நாட்டுச் சுங்கத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பழைய கணக்கு. புதியது வந்த சந்தோஷத்தில் அதை மூடிவிடாதீர்கள். கடைசிச் சம்பளம், பழைய வீட்டு முன்பணம், வரி திரும்ப வருவது எல்லாம் மாதக்கணக்கில் தாமதமாக அந்தக் கணக்குக்குத்தான் வரும். வெளிநாட்டில் குடியிருக்கிறேன் என்று வங்கிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, கொஞ்சம் இருப்பு வைத்து விட்டுவிடுங்கள். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு மூடலாம், மூடுவதற்கும் அந்தப் பழைய எண்ணுக்கு ஓடிபி வரும், அதுவரை சிம்முக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருங்கள்.