பழகுநரின் ஒப்பந்தத்தில் யார் யார் கையெழுத்து?

அன்பு நண்பர்களே, வணக்கம்.

தொழிற்கல்வி பற்றிப் பேசினால் ஜெர்மனியின் பெயர் வராமல் இருக்காது. நானும் அங்கிருந்துதான் தொடங்குகிறேன். ஆனால் எனக்கு அந்த நாட்டைவிட, அதைப் பார்த்துவிட்டுப் போன நாடுகள் எதை எடுத்துக்கொண்டன, எதை விட்டுவிட்டன என்பதில்தான் அக்கறை.

ஜெர்மனியில் ஒரு பெண் மெக்கட்ரானிக்ஸ், அதாவது எந்திரவியலும் மின்னணுவியலும் சேர்ந்த தொழிலைக் கற்க விரும்பினால், முதலில் பள்ளிக்கு விண்ணப்பிப்பதில்லை. ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறாள். நிறுவனம் அவளைத் தேர்ந்தெடுத்து எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் போடுகிறது. அவளுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். அப்புறம் மூன்றரை ஆண்டுகள் அவள் பழகுநர், அதாவது அப்ரண்டிஸ். வாரத்தில் 3 அல்லது 4 நாள் வேலையிடத்தில், மீதி நாள் தொழிற்பள்ளியில். மாதச் சம்பளம் உண்டு. 2020 முதல் அதற்குச் சட்டப்படி ஒரு குறைந்தபட்ச அளவும் உண்டு.

இந்த நேரப் பங்கீட்டைத்தான் எல்லோரும் நகலெடுக்கிறார்கள். பாதி நாள் வகுப்பு, பாதி நாள் பட்டறை என்று அட்டவணை போட்டுவிட்டு ‘இரட்டை முறை’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அந்த அட்டவணைக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பவர்கள் குறைவு.

பின்னால் இருப்பது 1969-இல் வந்த தொழிற்பயிற்சிச் சட்டம். அங்கீகரிக்கப்பட்ட தொழில்கள் 300-க்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் நாடு முழுவதற்கும் ஒரே பயிற்சி விதி. அந்த விதியை எழுதும்போது முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கமும் ஒரே மேசையில் உட்காருகின்றன. தேர்வை நடத்துவது தொழில் வணிகச் சபை. தேர்வுக் குழுவில் முதலாளிகளின் பிரதிநிதிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும், கூடவே குறைந்தது ஒரு தொழிற்பள்ளி ஆசிரியரும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பயிற்சி கொடுத்த நிறுவனம் தன் பழகுநருக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ள முடியாது. அதனால்தான் ஹாம்பர்க்கில் வாங்கிய சான்றிதழை மியூனிக்கில் யாரும் சந்தேகப்படுவதில்லை. என் பார்வையில் அந்த அமைப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

இதற்கு நேர் மாறாக ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே பெரிய நிறுவனங்கள் பள்ளி முடித்தவர்களை நேரடியாக எடுத்து உள்ளேயே பயிற்றுவித்தன. பயிற்சி அருமையாக இருந்தது. ஆனால் அந்தத் திறமை அந்த நிறுவனத்துக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும். வேலை நிலைத்திருக்கும்வரை குறையில்லை. வெளியே வர நேர்ந்தவருக்குக் கையில் காட்ட ஒன்றும் இல்லை.

சரி, இனி பணத்துக்கு வருவோம். ஒரு நிறுவனம் மூன்று ஆண்டு செலவழித்து ஒருவரை உருவாக்குகிறது. பக்கத்து நிறுவனம் கொஞ்சம் கூடுதல் சம்பளம் காட்டி அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. அப்படியென்றால் முதல் நிறுவனம் எதற்காகப் பயிற்சி தர வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நாடும் சொன்ன பதில்தான் அந்த நாட்டின் பயிற்சி முறையாக ஆகியிருக்கிறது.

டென்மார்க்கின் பதில் எனக்குப் பிடித்தமானது. எல்லா முதலாளிகளும், பயிற்சி தருபவர்கள், தராதவர்கள் என்ற வேறுபாடு இல்லாமல், ஒரு பொது நிதிக்குப் பணம் கட்டுகிறார்கள். பழகுநர் பள்ளியில் இருக்கும் வாரங்களிலும் நிறுவனம் சம்பளம் கொடுக்க வேண்டும். அந்தச் செலவின் பெரும்பகுதி நிதியிலிருந்து திரும்பக் கிடைக்கிறது. பயிற்சி தராமல் ஆளை மட்டும் எடுத்துக்கொள்ளும் நிறுவனமும் இப்படித் தன் பங்கைக் கட்டிவிடுகிறது.

சுவிட்சர்லாந்தின் கணக்கு வேறு. அங்கே பயிற்சிக் காலம் முடிவதற்குள் பழகுநர் செய்யும் வேலையே சராசரியாகச் செலவை ஈடுகட்டிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஜெர்மனியில் அப்படி இல்லை. அங்கே சராசரி நிறுவனத்துக்குப் பயிற்சிக் காலத்தில் நட்டம்தான். பின்னால் அந்த ஆளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்ற எதிர்பார்ப்பில்தான் அந்த நட்டத்தை ஏற்கிறது.

இங்கிலாந்தின் வரலாறு ஒரு எச்சரிக்கை. 1563-லேயே ஏழாண்டுப் பழகுநர் காலத்தைச் சட்டமாக்கிய நாடு அது. 1814-இல் அந்தப் பிரிவுகளை நீக்கிவிட்டார்கள். அதன்பின் நெடுங்காலம் அரசு இதில் பெரிதாகத் தலையிடவில்லை. 2017-இல், ஆண்டுச் சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு 0.5 சதவீத வரி வந்தது. கட்டிய பணத்தைப் பயிற்சிக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நல்ல யோசனைதானே என்று தோன்றும். ஆனால் பல நிறுவனங்கள் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு உயர்நிலைப் பயிற்சியும் மேலாண்மைப் பயிற்சியும் கொடுத்து அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டன. புதிதாகச் சேர்ந்த பழகுநர்களின் எண்ணிக்கை குறைந்தது. குறிப்பாக, பள்ளி முடித்து வரும் இளையவர்களின் இடங்கள் சுருங்கின. பிரான்ஸிலும் 2018 சீர்திருத்தத்துக்குப் பிறகு, ஆண்டுக்குச் சுமார் 3 லட்சமாக இருந்த புதிய ஒப்பந்தங்கள் 2022-இல் 8 லட்சத்தைத் தாண்டின. வியக்கவைக்கும் வளர்ச்சிதான். ஆனால் அதில் பெரும்பகுதி பட்டப்படிப்பு மட்டத்தில் நடந்தது. பணம் இருந்தால் போதாது. அது யாரைப் போய்ச் சேருகிறது என்று கடைசிவரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் தொழிற்பழகுநர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களைச் சேர்க்க வேண்டும் என்பது இப்போதைய விதி. அதே சட்டம் அப்ரண்டிஸைப் ‘பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல’ என்று தெளிவாகச் சொல்கிறது. பாதுகாப்பு, சுகாதாரம் போன்ற சில பாதுகாப்புகள் உண்டு. மற்றபடி தொழிலாளர் சட்டங்கள் பொருந்தா. பயிற்சி முடிந்தபின் வேலை தருவதா என்பதை அந்தந்த நிறுவனமே தன் கொள்கைப்படி முடிவு செய்யலாம். ஜெர்மனியில் பழகுநர்கள் தங்களுக்கென்று நிறுவனத்துக்குள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க முடியும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சங்கத்தின் குரல் இல்லாத இடத்தில், அப்ரண்டிஸ் என்ற பெயரில் குறைந்த கூலிக்கு முழுநேர வேலை வாங்கப்படும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன்.

ஜெர்மனியில் குறையே இல்லையா என்றால், நிறைய உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் பத்து வயதிலேயே பிள்ளைகளை வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். பயிற்சி இடம் கிடைக்காத இளைஞர்கள் ஆண்டுதோறும் 2 லட்சத்துக்கும் மேல் ஆயத்த வகுப்புகளில் போய்ச் சேருகிறார்கள். குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பது இன்னும் கடினம். ஆஸ்திரியா இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. நிறுவனத்தில் இடம் கிடைக்காதவர்களுக்கு அரசு நிதியில் பொதுப் பட்டறைகளில் பயிற்சி தந்து, அதே இறுதித் தேர்வை எழுத வைக்கிறது.

பெற்றோர் தயங்குவது ஒரே காரணத்துக்காகத்தான்: இதில் சேர்ந்தால் மேலே படிக்க முடியாதே என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. சுவிட்சர்லாந்து அதைக் கண்டித்துப் பேசவில்லை, கதவைத் திறந்துவிட்டது. தொழிற்பயிற்சியோடு சேர்த்துப் பெறக்கூடிய ஒரு கல்லூரித் தகுதியை 1994-இல் கொண்டுவந்தார்கள். அதை வைத்துப் பயன்முறை அறிவியல் கல்லூரிகளில் சேரலாம். 2006-இல் பொதுக்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் சமமான சமூக மதிப்பு கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். அங்கே இளைஞர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இந்த வழியில் போகிறார்கள். யூ.பி.எஸ். வங்கியின் தலைமைச் செயல் அதிகாரி செர்ஜியோ எர்மோட்டியே ஒரு வங்கியில் பழகுநராகச் சேர்ந்து வந்தவர். தென் கொரியா 2010-இல் தொடங்கிய ‘மைஸ்டர்’ என்ற தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளிகளும் ‘முதலில் வேலை, பிறகு கல்லூரி’ என்ற வழியைத்தான் காட்டின.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். பொருளியலாளர் எரிக் ஹனுஷெக்கும் அவரது சகாக்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தொழிற்கல்வி பெற்றவர்களுக்கு இளமையில் வேலை எளிதாகக் கிடைக்கிறது, ஆனால் வயது ஏற ஏற அந்தச் சாதகம் குறைந்து, பிற்பாடு பொதுக்கல்வி பெற்றவர்களைவிடப் பின்தங்குகிறார்கள் என்று கண்டார்கள். பழகுநர் முறை வலுவாக உள்ள ஜெர்மனி, டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில்தான் இது அதிகம் தெரிந்தது. தொழில்நுட்பம் மாறும்போது ஒரே வேலைக்கென்று பழகிய கை தடுமாறுகிறது.

அதனால் தொழிற்பள்ளியில் மொழியும் கணக்கும் சமூகப் பாடமும் எதற்கு, அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் எந்திரத்தில் நிற்கட்டுமே என்று நிறுவனங்கள் கேட்கும்போது நாம் இணங்கக் கூடாது. இன்று 17 வயதில் சேரும் பிள்ளை இன்னும் நாற்பத்தைந்து ஆண்டுகளாவது உழைக்கப் போகிறது. இன்று அதன் முன்னால் நிற்கும், கணினி இயக்கும் சி.என்.சி. எந்திரம் அவ்வளவு காலம் இருக்காது. வரைபடத்தைப் படிக்கவும், புதிய கையேட்டைத் தானே புரிந்துகொள்ளவும், தன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும் அந்தப் பாடங்கள்தான் உதவும். பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறார்கள். அந்த மணிநேரங்களை விட்டுக்கொடுக்காதீர்கள் என்று அவர்களை நேரடியாகவே கேட்டுக்கொள்கிறேன்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். நன்றி.