பெயரைக் கழற்றி வைத்த போர்வீரன்

நேயர்களுக்கு வணக்கம்.

பிபிசியின் 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொடர் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 2013இல் அதே தேதியில், 'தி டே ஆஃப் தி டாக்டர்' என்ற சிறப்பு நாடகம் 94 நாடுகளில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பானது. அதை எழுதிய ஸ்டீவன் மொஃபாட்டே 2018இல் நாவலாகவும் எழுதினார். அந்த நாவலைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

டாக்டர் காலத்துக்குள் பயணம் செய்கிறவர். சாகும் தறுவாயில் உடலும் முகமும் மாறிப் பிழைத்துக்கொள்வார், ஆனால் ஆள் ஒருவர்தான். அவருடைய இனத்துக்கும் டாலெக்குகள் என்ற எதிரி இனத்துக்கும் பெரும் போர் மூண்டபோது, டாக்டர் என்ற பெயரையே கழற்றி வைத்துவிட்டுப் போர்வீரனாகிறார். கடைசி நாளில், இரு பக்கத்தையும் சேர்த்து அழிக்கும் ஆயுதத்தைத் தூக்கிக்கொண்டு பாலைவனத்தில் ஒரு பழைய கொட்டகைக்கு நடக்கிறார். பொத்தானை அழுத்தினால் சொந்தக் கிரகமான காலிஃப்ரேயும் போய்விடும். அந்த ஆயுதத்துக்கு மனசாட்சி உண்டு. அழுத்தினால் நீ யாராக மாறுவாய் பார் என்று, பிற்காலத்தில் வேறு முகங்களோடு வாழப்போகும் அவரையே, இருவராக அவர் முன் நிறுத்துகிறது.

மூவரும் லண்டன் கோபுரச் சிறையில் அடைபட்டுக் கிடக்கும்போது, கிழவரான அந்தப் போர்வீரர் மற்ற இருவரையும் கேட்கிறார்: அன்று காலிஃப்ரேயில் எத்தனை குழந்தைகள் இருந்தார்கள், எப்போதாவது எண்ணினீர்களா? ஒருவர் தெரியாது என்கிறார். மற்றவர் எண்ணி வைத்திருக்கிறார்: 247 கோடி. மறந்தவர்மேல் அவருக்கு அப்படி ஒரு கோபம். கிழவர் இன்னும் பொத்தானைத் தொடக்கூட இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். மற்றவர்களை நடந்து முடிந்தது பேயாய்ப் பிடிக்கும். இவரைப் பிடித்திருப்பது இனி நடக்கப்போவது.

திரையில் இந்தப் பாரத்தை, போர்வீரனாக நடித்த ஜான் ஹர்ட்டின் முகமே சுமந்தது. 2017 ஜனவரியில் அவர் காலமானார். அடுத்த ஆண்டு வந்த புத்தகத்துக்கு அந்த முகம் கிடையாது. மொஃபாட் என்ன செய்தார்? அத்தியாய எண்களைக் கலைத்துப்போட்டார். புத்தகம் எட்டாம் அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது. கதை சொல்லும் குரல் ஓரிடத்தில் 'நான்' என்கிறது, இன்னோரிடத்தில் 'டாக்டர்' என்று யாரையோ போலப் பேசுகிறது. முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் புரிந்தது. நம் வீடுகளிலும் சொல்லக் கூசும் ஒன்றைச் சொல்ல நேர்ந்தால், "ஒருத்தர் இப்படிச் செய்துவிட்டார்" என்றுதானே ஆரம்பிக்கிறோம்? செய்ததைத் தன்மையில் சொல்ல நாக்கு எழாதவன் படர்க்கைக்குள் போய் ஒளிந்துகொள்கிறான். குற்றவுணர்வை இலக்கணத்திலேயே காட்டிய இந்த இடத்தில் நாவல் நாடகத்தையும் தாண்டுகிறது என்பேன்.

முடிவில் காலிஃப்ரேயை அழிக்காமல் காப்பாற்ற ஒரு வழி கிடைக்கிறது. ஆனால் காலக்கோடுகள் பின்னிக்கொண்டதால் கிழவருக்கு அது நினைவில் தங்காது. குழந்தைகளைக் கொன்றுவிட்டோம் என்றே நம்பி இனி நானூறு ஆண்டு வாழப்போகிறார். அது தெரிந்தும், மற்ற இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டு, காலத்தில் பயணிக்கும் தன் கப்பலுக்குள் போகிறார்.

வணக்கம்.