நெஞ்சுவலி: வாயுவா, இதயமா?

[காட்சி: பாம்பன் கரை, விடிகாலை, வலை இழுக்கும் கைகள்]

வணக்கம். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் யாராவது நெஞ்சைப் பிடிச்சா, முதல்ல நீட்டுறது ஒரு சோடாதான். "வாயு, ஏப்பம் விட்டா சரியாயிரும்." இப்படிச் சொல்லிக் கடத்துற அரைமணி நேரத்துல இதயத் தசை செத்துக்கிட்டிருக்கலாம். ஏப்பம் வந்து வலி குறைஞ்சாக்கூட, இதயம் இல்லைன்னு முடிவு பண்ண முடியாது.

டாக்டர் எப்படிப் பிரிச்சுப் பாக்குறாரு?

"எங்க வலிக்குது, கையால காட்டுங்க"ம்பாரு.

[காட்சி: ஒரு விரல் விலாவைத் தொடுகிறது, பிறகு மூடிய கை நடுநெஞ்சில்]

ஒரே இடத்தை விரலால தொட்டு, அமுக்கினா வலிக்குது, மூச்சு இழுத்தா குத்துதுன்னா, இதயமா இருக்க வாய்ப்பு குறைவு. குறைவுதான், இல்லவே இல்லைன்னு இல்ல. கையை மூடி நடுநெஞ்சுல வெச்சு, "பாறாங்கல்லு ஏத்தின மாதிரி அமுக்குது, தாடைக்கும் கைக்கும் ஓடுது"ன்னா உஷாராகணும்.

நம்ம கடற்கரையில ஒரு சிக்கல் இருக்கு. வலை இழுக்குறவருக்குத் தோளும் நெஞ்சும் வலிக்கிறது சகஜம். தசை வலின்னா, மறுநாள் சும்மா கையைத் தூக்கினாலும் அதே இடம் வலிக்கும். இதய வலி, வலை இழுத்தாலும் வரும், மணல்ல வேகமா நடந்தாலும் வரும். கொஞ்சம் உக்காந்தா அடங்கும். உக்காந்தும் அடங்கலைன்னா அது மாரடைப்பா இருக்கலாம்.

சர்க்கரை உள்ளவங்க, பெண்கள், வயசானவங்களுக்கு நெஞ்சே வலிக்காமலும் வரும். பாசி எடுத்துட்டுக் கரையேறின அக்கா, "மேல்வயிறு எரியுது, மூச்சு வாங்குது"ன்னு வேர்த்து உக்காந்தா, அல்சர்னு விட்டுடாதீங்க.

ஆஸ்பத்திரிக்குள்ள போன 10 நிமிஷத்துல ஈசிஜி எடுக்கணும். முதல் ஈசிஜி சரியா இருந்தாலும் மாரடைப்பு இருக்கலாம். வலி நிக்கலைன்னா திரும்ப எடுப்பாங்க. ட்ரோபோனின்ங்கிற புரதத்தைப் பாக்குற ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான்: அடிபட்ட தசையிலிருந்து அது ரத்தத்துல ஏற நேரம் ஆகும், அதனால இடைவெளி விட்டு ரெண்டாவது தடவையும் பாப்பாங்க. "எதுக்கு இத்தனை தடவை ஊசி"ன்னு கோபப்பட்டுக் கிளம்பிடாதீங்க.

ராமேஸ்வரத்துல இருந்து பெரிய ஆஸ்பத்திரி இருக்குற ராமநாதபுரம் 50 கிலோமீட்டருக்கு மேல. பைக்ல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போக வேணாம், 108 கூப்பிடுங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுக்க 2023-ல 'இதயம் காப்போம்' திட்டம் வந்திருக்கு. கடல்ல இருக்கும்போது வலி வந்தா படகைக் கரைக்குத் திருப்புங்க. படகு ரேடியோவுல விஎச்எஃப் சேனல் 16-லயோ, போன் சிக்னல் கிடைச்சா 1554-லயோ கடலோரக் காவல் படையைக் கூப்பிட்டு, படகு நிக்கிற இடத்தையும் வலி ஆரம்பிச்ச நேரத்தையும் சொல்லுங்க.