பெட்ரோல் விலை ஏறுது, சின்ன என்ஜினுக்கு மாறினா மிச்சமாகுமா?

சரி அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நண்பர் கேட்டிருக்கார், இப்ப 2 லிட்டர் என்ஜின் கார் வெச்சிருக்கேன், பெட்ரோல் விலை ஏறிக்கிட்டே போகுது, இத குடுத்துட்டு 1 லிட்டர் டர்போ கார் எடுத்தா நெஜமாவே மிச்சமாகுமா, வீட்ல நாலு பேரு, தெனமும் சிட்டிக்குள்ள ஓட்டுவேன், மாசத்துல ரெண்டு மூணு வாட்டி ஹைவேல லாங் போவேன்னு. இதே கேள்விய இன்னும் நிறைய பேரு வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க, எல்லாருக்கும் சேத்தே சொல்லிடறேன். இங்க 1 லிட்டர், 2 லிட்டர்ங்கறது என்ஜின் சிலிண்டர்களோட மொத்த கொள்ளளவு, டர்போங்கறது காத்த அமுக்கி என்ஜினுக்குள்ள அனுப்பற கருவி.

என்ஜின் சின்னதா இருந்தா மைலேஜ் தானா வந்துரும்னு நெனைக்கிறோம்ல, அது பாதி தான் சரி. அந்த என்ஜின் எவ்ளோ வெயிட்ட இழுக்குது, எவ்ளோ லோடுல ஓடுதுங்கறது மீதி பாதி.

மொதல்ல சிட்டிய பாப்போம். பெட்ரோல் என்ஜின்ல நீங்க ஆக்ஸிலரேட்டர லேசா மிதிச்சீங்கன்னா த்ராட்டில் வால்வு கொஞ்சமா தான் தொறக்கும், காத்து உள்ள போற வழி குறுகிடும், ஆனா பிஸ்டன் கீழ இறங்கும்போது அந்த குறுகின வழியா காத்த இழுத்தே ஆகணும். ஒரு சிரிஞ்சோட முனைய விரலால பாதி அடைச்சுக்கிட்டு பின்னால இழுத்துப் பாருங்க, கை வலிக்கும், அந்த வலி தான் வேஸ்ட்டா போற பெட்ரோல். இதுக்கு பம்பிங் லாஸ்னு பேரு. சிட்டிக்குள்ள 30, 40ல உருட்டுறதுக்கு தேவைப்படற பவர் ரொம்ப கம்மி, அதுக்கு 2 லிட்டர் என்ஜின் பாதிக்கு மேல அடைச்சுக்கிட்டு தான் ஓடணும், 1 லிட்டர் என்ஜின் அதே பவர குடுக்க த்ராட்டில இன்னும் நல்லா தொறந்துக்கும், அதனால அந்த லாஸ் கொறையும். அது போக சிலிண்டர் கம்மி, உராய்வு கம்மி, சிக்னல்ல நிக்கும்போது குடிக்கறதும் கம்மி. அதனால சிட்டில சின்ன என்ஜின் ஜெயிக்குதுங்கறது விளம்பரம் இல்ல, நெஜம்.

இப்ப ஹைவே. சமமான ரோட்டுல 100 கிலோமீட்டர் வேகத்துல நிதானமா போறதுக்கு ஒரு சாதாரண காருக்கு சுமாரா 15லேர்ந்து 20 எச்பி இருந்தா போதும், பல பேருக்கு இது நம்பவே முடியாது. அதனால லைட்டான காரா இருந்து நீங்க 90, 100ல போனீங்கன்னா சின்ன என்ஜினும் கஷ்டப்படாது. பிரச்சனை எங்க வருதுன்னா வண்டி கனமா இருந்து, அஞ்சு பேரு, டிக்கி ஃபுல்லு லக்கேஜ், ஏசி ஓடுது, மேடு ஏறணும், இல்லன்னா 120, 130ல அடிச்சு ஓட்டணும், அங்க தான். காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதாவது 80லேர்ந்து 120க்கு போனா வேகம் ஒன்றரை மடங்கு தான், காத்து தள்ளுறது ரெண்டேகால் மடங்கு ஆயிடும்.

அந்த நேரத்துல டர்போ வேலை செய்ய ஆரம்பிக்கும். டர்போ என்ன பண்ணுது, காத்த அமுக்கி உள்ள அனுப்புது, காத்து அதிகமா போனா அதுக்கேத்த பெட்ரோலும் உள்ள போயே ஆகணும், டர்போலேர்ந்து வர்ற பவர் ஓசில வர்றதில்ல. இதுல இன்னொரு விஷயம், சாதாரணமா 14.7 பங்கு காத்துக்கு 1 பங்கு பெட்ரோல்னு கணக்கா கலக்கற என்ஜின், ரொம்ப லோடு வந்து சூடு ஏறிச்சுன்னா டர்போவையும் சைலன்சர் பக்கத்து பாகங்களையும் காப்பாத்தறதுக்காக கூடுதலா பெட்ரோல அடிக்கும். நிறைய டர்போ என்ஜின்ல இது உண்டு. அந்த பெட்ரோல் வண்டிய ஓட்டல, வண்டிய கூல் பண்ணுது. அதனால தான் ஒரே மாடல் சின்ன டர்போ கார வாங்கின ரெண்டு பேர்ல ஒருத்தர் சூப்பர் மைலேஜ்ங்கறார், இன்னொருத்தர் ஏமாந்துட்டேங்கறார், ரெண்டு பேரும் பொய் சொல்லல, ஆக்ஸிலரேட்டர மிதிக்கற கால் வேற வேற.

கம்பெனி சொல்ற மைலேஜும் இதுல சேரும். ஐரோப்பால 2017 வரைக்கும் இருந்த பழைய டெஸ்ட்ல பூஜ்யத்துலேர்ந்து 50 கிலோமீட்டர் வேகம் புடிக்க 26 செகண்ட் குடுப்பாங்க, யாரு அப்படி ஓட்டறா சொல்லுங்க? அப்படி தாலாட்டி ஓட்டினா சின்ன டர்போ என்ஜினுக்கு டர்போவே பெருசா தேவைப்படாது, பேப்பர்ல நம்பர் அழகா வரும். அப்புறம் தான் கொஞ்சம் நிஜத்துக்கு பக்கமா இருக்கற புது டெஸ்ட் கொண்டு வந்தாங்க.

இதுக்கு எதிர்ப்பக்கம் ஒரு உதாரணம் சொல்றேன். பெட்ரோல் என்ஜினோட பேட்டரி மோட்டாரும் சேந்து ஓடற ஹைபிரிட் கார் டொயோட்டா ப்ரியஸ், 1997ல ஜப்பான்ல வந்தப்போ 1.5 லிட்டர் என்ஜின். 2009ல மூணாவது ஜெனரேஷன்ல என்ஜின 1.8 லிட்டரா பெருசாக்கினாங்க, மைலேஜ் கொறையல, ஏறிச்சு. மத்த மாத்தங்களும் பண்ணாங்க தான், ஆனா பெரிய என்ஜின்ங்கறதால ஹைவேல கம்மி ஆர்பிஎம்ல அலட்டிக்காம ஓடுச்சு, அதுவும் ஒரு காரணம். மாஸ்டாவும் எல்லாரும் டர்போ போட்டு சின்னதாக்கிக்கிட்டு இருந்த காலத்துல 2 லிட்டர் என்ஜின்லயே கம்ப்ரஷன ஏத்தி, அதாவது சிலிண்டருக்குள்ள காத்து பெட்ரோல் கலவைய இன்னும் இறுக்கமா அமுக்கி, நல்ல மைலேஜ் எடுத்தாங்க. எனக்கு அந்த வழி ரொம்ப புடிக்கும், ஏன்னா ஓட்டறவங்க கால் கொஞ்சம் கனமா இருந்தாலும் மைலேஜ் அவ்ளோ மோசமா விழாது.

சரி நண்பரே, உங்க விஷயத்துக்கு வர்றேன். கார மாத்தறதுக்கு முன்னாடி செலவாகற பெட்ரோல் லிட்டர்ல கணக்கு போடுங்க, மைலேஜ் நம்பர்ல போடாதீங்க. லிட்டருக்கு 8 கிலோமீட்டர் குடுக்கற வண்டிய விட்டுட்டு 10 குடுக்கற வண்டிக்கு மாறினா 1000 கிலோமீட்டருக்கு 25 லிட்டர் மிச்சம். 16லேர்ந்து 20க்கு மாறினா நாலு கூடின மாதிரி தெரியும், மிச்சம் பன்னெண்டரை லிட்டர் தான். உங்க வண்டி இப்ப 12 குடுக்குது, புதுசு 16 குடுக்கும்னு வெச்சுக்கோங்க, 1000 கிலோமீட்டருக்கு சுமாரா 21 லிட்டர் மிச்சமாகும். உங்க மாச ஓட்டத்துக்கு அத பெருக்கி, பம்புல இருக்கற விலையால பெருக்கி, அந்தப் பக்கம் பழைய வண்டிய விக்கறதுல ஆகற நஷ்டம், புது லோன் வட்டி, இன்சூரன்ஸ் எல்லாத்தையும் எழுதுங்க. கம்மியா ஓட்டறவங்களுக்கு நிறைய நேரம் பழைய வண்டியே லாபமா நிக்கும், பெட்ரோல் விலைய பாத்து பதட்டத்துல கார வித்துட்டு கஷ்டப்படாதீங்க.

கணக்கு போட்டும் மாறறது தான் சரின்னு வந்துச்சுன்னா, உங்க ஓட்டத்துல பெரும்பங்கு சிட்டி தான், அதனால 1 லிட்டர் டர்போ உங்களுக்கு செட் ஆகும், ஆனா லைட்டான பாடில இருக்கறத எடுங்க, அதே என்ஜின ஒரு கனமான எஸ்யூவில போட்டு விக்கறாங்கன்னா அத எடுக்காதீங்க. டெஸ்ட் டிரைவ் போகும்போது தனியா போகாதீங்க, வீட்ல நாலு பேரையும் ஏத்திக்கிட்டு ஏசி போட்டு ஒரு மேடு ஏறிப் பாருங்க, ஒவ்வொரு வாட்டியும் கியர கொறச்சு ஆக்ஸிலரேட்டர ஆழமா மிதிச்சா தான் ஏறுதுன்னா அந்த வண்டி உங்க குடும்பத்துக்கு சின்னது. வாங்கினப்புறம் டேஷ்போர்டு காட்டற நம்பர மட்டும் நம்பாம டேங்க் ஃபுல் பண்ணி மறுபடி ஃபுல் பண்ணி நீங்களே கணக்கு எடுங்க.

அடுத்த கேள்வி டீசல் பத்தி வந்திருக்கு, பாப்போம்.