தன் புத்தகத்தைத் தானே பொட்டலம் கட்டிய கவிஞர்

நூலக வார விழாவில் பேசியது. கேட்டவர்களுக்காக எழுதித் தருகிறேன், நேரம் போதாமல் விட்ட இரண்டொன்றையும் சேர்த்திருக்கிறேன்.

விழாத் தலைவர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வாசகர் வட்டப் பொறுப்பாளர்களே, முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். நகர்மன்றத் தலைவர் அம்மாவுக்கு இன்னொரு விழா இருக்கிறதாம், இருந்தாலும் கொஞ்ச நேரம் இருந்து கேட்கிறேன் என்றார்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி. அவர்கள் எழுந்து போவதற்குள் என் கோரிக்கைக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலையெல்லாம். சால்வைக்கும் நன்றி. அடுத்த முறை சால்வைக்குப் பதில் ஒரு புத்தகம் கொடுங்கள் என்று போன வருஷமும் சொன்னேன்.

தலைப்பு, அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன். அவருடைய கடிதங்கள், அவர் புத்தகம் விற்ற விதம், அவருடைய பத்திரிகை வேலை, இந்த மூன்றையும் பேசுவேன், நேரம் இருந்தால் கவிதைக்கும் வருவேன். சிறு துரும்பும் பல் குத்த உதவும். சிரிக்கிறீர்கள், ‘ஆரம்பித்துவிட்டார்’ என்று. இந்தப் பழமொழியை நான் எல்லா மேடையிலும் சொல்கிறவன்தான், ஆனால் இன்றைக்கு அதற்கு உண்மையான வேலை இருக்கிறது.

விட்மனைப் பற்றித் தமிழில் எழுதியவர் பாரதி. ‘நகரம்’ என்ற கட்டுரையில் எழுதியிருக்கிறார், எதுகை மோனை இல்லாமல் வசனம் போலவே பாடுகிறார் இந்த மனிதர் என்று வியந்திருக்கிறார். அதனால் விட்மன் நமக்கு ஏதோ தாடி வைத்த ரிஷி போலத் தெரிகிறார். தாடி உண்மை, ரிஷி பாதிதான் உண்மை. மீதிப் பாதி அச்சாபீஸ் ஆள். 1819-இல் லாங் ஐலண்டில் ஒரு தச்சருடைய மகனாகப் பிறந்தவர், பதினொரு வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது, பன்னிரண்டு வயதில் ஒரு பத்திரிகை ஆபீஸில் எழுத்துக் கோக்கப் போய்விட்டார். ஈய எழுத்தைக் கையால் பொறுக்கிக் கோத்தவனுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு என்பது தெரியும். அந்த ஈயத்தையே தெரியாத தலைமுறை நாம், சரி, அது வேறு கதை.

1855-இல் அவருடைய கவிதைத் தொகுப்பு ‘புல்லின் இதழ்கள்’ முதல் பதிப்பு வந்தது. பதிப்பாளர் யாரும் கிடையாது. புரூக்ளினில் ரோம் சகோதரர்கள் என்று தெரிந்தவர்களின் அச்சகம், செலவு தன் கைக்காசு, சில பக்கங்களுக்கு எழுத்துக் கோத்ததும் அவரேதான். பன்னிரண்டு கவிதை, 795 பிரதி. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் கிடையாது, எதிர்ப்பக்கத்தில் கழுத்துப் பொத்தான் போடாமல் தொப்பியோடு நிற்கும் ஓர் ஆளின் படம்தான். விற்ற இடத்தைக் கேளுங்கள். ஃபவுலர் அண்ட் வெல்ஸ் என்று நியூயார்க்கில் ஒரு கடை, மண்டையின் மேடுபள்ளத்தைத் தடவிப் பார்த்துக் குணம் சொல்கிறவர்கள் நடத்தியது. விட்மன் 1849-லேயே அங்கே தன் மண்டையைக் காட்டி நல்ல மார்க் வாங்கியிருந்தார், அந்த ரிப்போர்ட்டைப் பிற்பாடு விளம்பரத்துக்கும் பயன்படுத்தினார். எதையும் வீணாக்காத மனிதர்.

இனி அந்தக் கடிதத்தின் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும், தலைவர் மணியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் அறிவுலகம் என்றால் எமர்சன்தான். அவர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் போதும். தலைப்புப் பக்கத்தில் பெயரில்லாத இந்தப் புத்தகத்தில் ஒரு பிரதி அவருக்குப் போகிறது. அவர் படிக்கிறார். 1855 ஜூலை 21-ஆம் தேதி உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதுகிறார். அமெரிக்கா இதுவரை தந்ததிலேயே அபூர்வமான அறிவும் ஞானமும் கொண்ட படைப்பு இது என்கிறார், மகத்தான ஒரு வாழ்க்கைப் பணியின் தொடக்கத்தில் உங்களை வாழ்த்துகிறேன் என்கிறார். கடைசியில் ஒரு வேடிக்கை: நேற்று ராத்திரி ஒரு பத்திரிகையில் புத்தக விளம்பரத்தைப் பார்க்கும் வரைக்கும் விட்மன் என்ற இந்தப் பெயர் நிஜப் பெயர்தானா, இதை நம்பித் தபாலில் போடலாமா என்றே எனக்குத் தெரியவில்லை என்றும் எழுதுகிறார்!

நம்மில் ஒருவருக்கு அப்படி ஒரு கடிதம் வந்தால் என்ன செய்வோம்? வீட்டில் காட்டுவோம், நாலு நண்பர்களிடம் காட்டுவோம், மிஞ்சிப் போனால் வாட்ஸ்அப்பில் போடுவோம். விட்மன் என்ன செய்தார்? அக்டோபர் 10-ஆம் தேதி அது நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையில் அச்சாகி வந்தது. எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது தனிக் கடிதம் ஐயா, சபைக்கு எழுதியது இல்லை! சரி, பத்திரிகைக்காரன் புத்தி, போகட்டும் என்று விடலாம். அதோடு நின்றாரா? அதைத் துண்டுச் சீட்டாக அச்சடித்துப் புத்தகத்துக்குள் ஒட்டி அனுப்பினார். அப்புறம் 1856-இல் இரண்டாம் பதிப்பு. கைக்கடக்கமான தடித்த புத்தகம். அலமாரியில் வைத்தால் முதுகுதானே நமக்குத் தெரியும், அந்த முதுகில் தங்க எழுத்தில் பொறித்துவிட்டார்: ‘மகத்தான ஒரு வாழ்க்கைப் பணியின் தொடக்கத்தில் உங்களை வாழ்த்துகிறேன் – ஆர். டபிள்யூ. எமர்சன்’. புத்தகத்தின் பின்பகுதியில் முழுக் கடிதம், அதற்குப் பக்கம் பக்கமாக இவருடைய பதில். அந்தப் பதிலில் ஆயிரம் பிரதி போட்டேன், மளமளவென்று விற்றுவிட்டது என்கிறார். போட்டதே 795. விற்றது சொற்பம்! இதில் பெரிய கூத்து என்னவென்றால், முதல் பதிப்பின் கவிதைகளுக்குத்தான் எமர்சன் நற்சான்று தந்தார், இந்த இரண்டாம் பதிப்பின் 32 கவிதையில் 20 புதுசு, அவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

எமர்சன் முகம் சுளித்திருக்கலாம், ஆனால் பகைத்துக்கொள்ளவில்லை. 1863-இல் வாஷிங்டனில் நிலையான வேலையில்லாமல் இருந்த விட்மனுக்காக அமைச்சர்களுக்குச் சிபாரிசுக் கடிதமும் எழுதித் தந்தார். அதில் ஒன்று நிதியமைச்சர் சேஸ் கைக்குப் போயிற்று. அமைச்சர் படித்தார், இந்த ஆளுக்கு வேலை கிடையாது என்றார், ஆனால் கடிதத்தைத் திருப்பித் தரவில்லை. எமர்சன் கையெழுத்து என்னிடம் இல்லை, இதை நான் வைத்துக்கொள்கிறேன் என்று எடுத்து வைத்துக்கொண்டார். நான் இந்த இடத்தில் அமைச்சரைத் திட்ட மாட்டேன். வேலை தராவிட்டாலும் காகிதத்தைப் பத்திரமாக வைத்தாரே! சிறு துரும்பும் பல் குத்த உதவும். நம்மூரில் இரண்டும் நடக்காது.

கடிதம் என்றால் இவ்வளவுதானா, விளம்பரத்துக்குத்தானா என்று கேட்காதீர்கள். 1862 டிசம்பரில் உள்நாட்டுப் போரில் தம்பி ஜார்ஜ் காயமடைந்தார் என்று தெரிந்து விட்மன் ஓடினார். தம்பிக்குச் சின்னக் காயம்தான், ஆனால் மற்ற பையன்களைப் பார்த்தவர் திரும்பிப் போகவில்லை, வாஷிங்டனிலேயே தங்கிவிட்டார். ஒரு ஆபீஸில் நகல் எழுதும் வேலை, மீதி நேரமெல்லாம் ராணுவ ஆஸ்பத்திரி. ஆரஞ்சு, புகையிலை, காகிதம், தபால்தலை ஒட்டிய உறை எல்லாம் பையில் கொண்டுபோவார். கை போனவர்கள், எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல எழுதித் தருவார். ஆர்மரி ஸ்கொயர் ஆஸ்பத்திரியில் எராஸ்டஸ் ஹாஸ்கெல் என்ற பையன், படையில் குழல் வாசித்தவன், டைபாய்டில் இறந்தபோது அவனைப் பெற்றவர்களுக்கு இவர் எழுதிய கடிதம் இருக்கிறது. எதையும் பெரிதாக்கவில்லை. பையன் அதிகம் பேசமாட்டான், எதற்கும் குறை சொல்லமாட்டான், ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் நான் கட்டிலருகில் உட்கார்ந்திருப்பேன் என்று பார்த்ததை எழுதியிருக்கிறார். எந்தக் கவிதைக்கும் குறைந்ததில்லை அது.

இன்னொன்று. 1866 ஜனவரி 21, நெல்சன் ஜாபோ என்ற சிப்பாய், காசநோயில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், மனைவிக்குக் கடிதம் போக வேண்டும். இவர் எழுதித் தருகிறார், அடியில் ‘எழுதியவர் வால்ட் விட்மன், ஒரு நண்பர்’ என்று ஒரு வரி. அந்த வருஷமே ஜாபோ இறந்துபோனார். விதவை உதவித்தொகைக்காக வைத்த காகிதக் கட்டுக்குள் அந்தக் கடிதம் போய் உட்கார்ந்துவிட்டது. 150 வருஷம். 2016-இல் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய பென்ஷன் கட்டுகளை ஸ்கேன் செய்யத் தயார்செய்துகொண்டிருந்த ஒரு தன்னார்வலர் கையில் கிடைத்தது. பென்ஷன் கட்டு! நம் தாலுகா ஆபீஸில் அந்தக் கட்டின் கதி என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன்பே 2011-இல், கென்னத் பிரைஸ் என்ற பேராசிரியர் அதே காப்பகத்தில் விட்மன் குமாஸ்தாவாக நகலெடுத்த ஏறக்குறைய மூவாயிரம் அரசாங்கத் தாள்களைக் கையெழுத்தை வைத்தே அடையாளம் கண்டிருந்தார்.

டிராம் கண்டக்டர் பீட்டர் டாயிலுக்கு எழுதிய கடிதங்கள், இங்கிலாந்திலிருந்து காதல் கடிதம் எழுதி, அப்புறம் கப்பலேறியே வந்துவிட்ட ஆன் கில்கிரிஸ்ட் அம்மையார், இவற்றுக்கெல்லாம் இன்று நேரமில்லை.

புத்தக விற்பனை. 1873-இல் பக்கவாதம் வந்து காம்டன் என்ற ஊரில் தம்பி வீட்டில் ஒதுங்கினார். 1876-இல் தானே இரண்டு தொகுதி போட்டார், ஒன்று ஐந்து டாலர், கையெழுத்தோடு. யாரிடம் விற்பது? உள்ளூரில் ‘வெஸ்ட் ஜெர்சி பிரஸ்’ என்ற பத்திரிகையில் ஜனவரி 26-ஆம் தேதி ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்கா இந்த மகாகவியைப் புறக்கணிக்கிறது, பதிப்பாளர்கள் சீந்தவில்லை, ஏழ்மையில் கிடக்கிறார் என்றெல்லாம். எழுதியது யார்? அவரேதான்! எழுதிய கையோடு வெட்டி லண்டனில் ரோசெட்டி என்ற விமர்சகருக்கு அனுப்பினார், அங்கே பத்திரிகைகளில் அமளி, சந்தா குவிந்தது, ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் வரைக்கும் வாங்கினார்கள். ஆர்டர் வர வர ஒரு கணக்குப் புத்தகத்தில் யாருக்கு அனுப்பினேன், பணம் வந்ததா என்று எழுதிவைத்துக்கொண்டு, தானே பொட்டலம் கட்டி முகவரி எழுதித் தபாலில் சேர்த்தார். நியூயார்க் ஏஜெண்டுகள் ஒருவர் பின் ஒருவராகத் தன் பணத்தை விழுங்கிவிட்டார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். ஏஜெண்ட் விஷயத்தில் எந்தத் தேசமும் ஒன்றுதான், அரங்கில் உள்ள எழுத்தாளர்கள் தலையாட்டுகிறீர்கள். 1882-இல் பாஸ்டன் அரசு வழக்கறிஞர் புத்தகம் ஆபாசம் என்று மிரட்ட, பதிப்பாளர் பின்வாங்க, அந்தச் சத்தத்திலேயே பிலடெல்பியா பதிப்பு பறந்தது. இரண்டு வருஷத்தில் காம்டனில் 1,750 டாலருக்குச் சொந்த வீடு வாங்கினார். தடை செய்கிறவர்கள் யோசிக்க வேண்டும்.

அந்த மிக்கிள் தெரு வீட்டு அறை முழுக்கக் காகிதம். கடிதம், கத்தரித்த செய்தி, பிழைதிருத்தத் தாள் எல்லாம் தரையில் முழங்கால் அளவுக்கு. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைத்தடியால் கிளறுவார், முப்பது வருஷத்துக் கடிதம் ஒன்று மேலே வரும், அதை எடுத்து ஹோரஸ் டிராபல் என்ற இளைஞரிடம் கொடுத்து இது உனக்கு வேண்டுமா பார் என்பார். 1888-இலிருந்து அந்த இளைஞர் கிழவர் பேசியதையெல்லாம் தினமும் குறித்துவைத்தார், ஒன்பது தொகுதி வந்திருக்கிறது. பழைய காகிதத்தைக் கூட்டித் தள்ளு என்று சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லாமலா இருந்திருப்பார்கள்? வீட்டைப் பார்த்துக்கொண்ட அம்மாளுக்குப் பொறுமை அதிகம்.

மூன்றாவது, பத்திரிகை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், வேகமாகச் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் ‘லாங் ஐலண்டர்’ என்று வாரப் பத்திரிகை தொடங்கி, எழுதி, அச்சடித்து, குதிரை வாங்கி அதில் ஏறி ஊர் ஊராகத் தானே விநியோகம் செய்தவர். 1846-இலிருந்து ‘புரூக்ளின் ஈகிள்’ ஆசிரியர். ஃபோர்ட் கிரீனில் ஏழைகளுக்கு ஒரு பூங்கா வேண்டும் என்று விடாமல் எழுதினார், பூங்கா வந்தது, இன்றும் இருக்கிறது. நகர்மன்றத் தலைவர் அம்மா இதைக் கவனிக்க வேண்டும். புதிய நிலப்பகுதிகளில் அடிமைமுறை கூடாது என்று எழுதி 1848-இல் அந்த வேலையை இழந்தார். ‘புல்லின் இதழ்கள்’ முதல் பதிப்புக்குத் தன் பெயர் போடாமல் தானே மூன்று மதிப்புரை எழுதினார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நான் வந்த விஷயம் இது. 2017-இல் விட்மனின் ஒரு முழு நாவல் வெளிச்சத்துக்கு வந்தது. அவர் 1852-இல் ‘சண்டே டிஸ்பேட்ச்’ பத்திரிகையில் பெயரில்லாமல் தொடராக எழுதியது. ஜாக்கரி டர்பின் என்ற ஆராய்ச்சி மாணவர், விட்மனின் குறிப்பேட்டில் கிடந்த கதாபாத்திரப் பெயர்களை ஸ்கேன் செய்த பழைய நாளிதழ்களில் தேடினார். நியூயார்க் டைம்ஸில் ஒரு சின்ன விளம்பரம் அகப்பட்டது. அதைப் பிடித்துப் போனால் தொடர் வந்த அந்தப் பத்திரிகை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருந்தது. விளம்பரம் இருந்த தாளை யாரோ வைத்திருந்தார்கள், தொடர் வந்த தாளையும் யாரோ வைத்திருந்தார்கள். சிறு துரும்பும் பல் குத்த உதவும்!

இப்போது நம் நூலகத்துக்கு வருகிறேன். கட்டடம் இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள், சந்தோஷம். மாடி அறையில் பைண்டு செய்த பழைய வாரப் பத்திரிகைகளும், இந்த ஊரிலேயே அச்சாகி நின்றுபோன சிற்றிதழ்களும், சாக்கு மூட்டையில் ஒரு மனிதர் தன் தாத்தாவின் கடிதங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனதும் இருக்கின்றன. எல்லாம் கழிவுப் பட்டியலில் சேர்ந்து எடைக்குப் போகப் போகிறது என்று கேள்வி. யார் சொன்னார் என்று கேட்காதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் பழைய தாளைச் சேர்த்து வைத்ததால்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் நிற்கிறது. நாம் சேர்க்கக்கூட வேண்டாம், இருப்பதைத் தூக்கிப் போடாமல் இருந்தால் போதும். ஸ்கேன் ஆகும் வரை பூட்டி வைக்க நகராட்சிக் கட்டடத்தில் ஒரே ஒரு காய்ந்த அறை கொடுங்கள், ஒழுகாத அறை, அவ்வளவுதான் அம்மா.

தலைவர் மணி அடித்துவிட்டார். கவிதையை அடுத்த விழாவுக்கு வைத்துக்கொள்வோம். வாசல் மேஜையில் மனு இருக்கிறது, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கிறோம். டீ குடிக்கப் போகும் முன் கையெழுத்துப் போடுங்கள், முகவரியையும் தெளிவாக எழுதுங்கள். பேனாவைத் திரும்ப வைத்துவிட்டுப் போக வேண்டும், அது நூலகர் அம்மாவுடையது.